கிளேபாங் ஆலைக்குப் போன நால்வர்

மாணிக்கவாசகத்துக்குச் சோறு போட்டது விஸ்கிதான். மலாக்காவின் பண்டார் ஹிலிர் பகுதியில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அவர் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. கப்பலில் வரும் மதுப்பெட்டிகளை மலாக்காவிலும் மூவாரிலும் இருந்த கிளப்புகளுக்கும், தோட்டத்துத் துரைமார் பங்களாக்களுக்கும் அனுப்புவது அந்தக் கம்பெனியின் வேலை. மூடி தளர்ந்தது, லேபிள் கிழிந்தது என்று விற்க முடியாமல் போகும் பாட்டில்களில் ஒன்றிரண்டு அவர் கைக்கு வரும். காஜா பெராங்கில் அவருடைய பலகை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவை திறக்கப்படும்.

அதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும் நல்லையா மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். டாக்சி ஓட்டும் சுப்பையன். சர்வே ஆபீசில் பிளான் வரையும் கலியாணசுந்தரம். மாணிக்கவாசகத்தோடு நான்கு பேர். "குடிக்கிறதுக்குத்தான் கள்ளுக்கடை இருக்கே. இங்க நாம ருசி பாக்க வர்றோம்" என்று மாணிக்கவாசகம் சொல்வார். மற்றவர்களும் அதை நம்பினார்கள். கிளாசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார்கள். முகர்ந்து பார்ப்பார்கள். ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுத் தேய்த்துப் பார்ப்பார்கள். இவ்வளவும் ஆன பிறகுதான் வாயில் படும்.

கூட்டத்துக்கு உயிர் கலியாணசுந்தரம். அவருக்கு வாய்த்த மூக்கு வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிளாசை முகர்வார். "இது மழை பேஞ்ச மறுநாள் கித்தாக் காட்டுக்குள்ள, ரப்பர் மரத்துக்கு நடுவுல நடக்கற மாதிரி இருக்கு" என்பார். "இதுல யாரோ பழைய செருப்ப ஊறப்போட்டிருக்கான்யா" என்பார். அவர் சொன்ன பிறகு எல்லாருக்கும் அதே வாசனை வரும். சிரித்துச் சிரித்து சுப்பையனுக்குப் புரையேறும்.

கலியாணசுந்தரம் ஞாயிற்றுக்கிழமையோடு நிற்கவில்லை என்பது மற்ற மூவருக்கும் தாமதமாகத்தான் தெரிந்தது. திங்கட்கிழமைக்கு விஸ்கி கிடையாது. சம்சு இருந்தது. சீனன் கடையில் சின்னப் பாட்டிலில் விற்கும் வெள்ளைச் சாராயம். அதை முகர்ந்து பார்த்துக் குடிப்பவர் யாருமில்லை. ஆபீசுக்குப் போகும் வழியில் ஒன்று, திரும்பும் வழியில் ஒன்று என்று ஆனது. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு எதிரே இருந்த கால்வாயில் விழுந்து கிடந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் ஜெயாதான் அவரை முதலில் பார்த்தாள்.

அவர் மனைவி ருக்மணி அழுது ஊரைக் கூட்டவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். குணமாகி வந்ததும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அடுத்த ஞாயிறு மாணிக்கவாசகத்தின் வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வராமல், "அண்ணே, இனிமே அவரக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கலியாணசுந்தரம் நிறுத்திவிட்டார். உண்மையாகவே நிறுத்திவிட்டார். மலாயாவின் சுதந்திர தினத்தன்று பண்டார் ஹிலிர் திடலில் ஜெயாவைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு கொடி பார்த்தார். அன்று கடைக்குக் கடை பாட்டில் திறந்தார்கள். அவர் சோடா குடித்தார். சர்வே ஆபீசில் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். காலியாகும் மேசைகளில் ஒன்று அவருக்குத்தான் என்று பேச்சு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் சப்பென்று ஆகிவிட்டன. நல்லையா மாஸ்டர் கிளாசை முகர்ந்து, "ஒரு மாதிரியான... என்னெண்டு சொல்லுறது" என்று இழுத்து நிறுத்திவிடுவார். நாற்காலி ஒன்று சும்மாவே கிடந்தது.

சுதந்திரம் வந்த மறு வருஷம், கிளேபாங் கடற்கரையில் சாராய ஆலை வைத்திருந்த ஒரு தவுக்கே, சீன முதலாளி, புதிதாக ஒன்றைச் செய்யத் துணிந்தார். சம்சு காய்ச்சிக்கொண்டிருந்தவர், இனி மலாயாவின் சொந்த விஸ்கி என்று ஒன்றைச் செய்து விற்கப்போவதாகச் சொன்னார். அமெரிக்காவில் பர்பன் என்று ஒரு விஸ்கி உண்டு. மக்காச்சோளத்தில் காய்ச்சுவது. அதைப் புது ஓக் பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். ஒருமுறை ஊறிய பீப்பாய் மறுபடி அவர்களுக்கு உதவாது. அந்தப் பழைய பீப்பாய்களைத் தவுக்கே கப்பலில் வரவழைத்திருந்தார். சரக்கை விற்றுத் தரும் பொறுப்பு மாணிக்கவாசகத்தின் கம்பெனிக்கு வருவதாக இருந்தது. "வந்து பாருங்கள், நண்பர்களையும் கூட்டி வாருங்கள்" என்று தவுக்கேயின் மகன் சொல்லி அனுப்பினான்.

மாஸ்டரும் சுப்பையனும் துள்ளிக் குதித்தார்கள். படத்தில் மட்டுமே பார்த்திருந்த ஒன்றை நேரில் பார்க்கப்போகிறார்கள். ஆனால் பேச்சு ஓய்ந்ததும் மூவரும் ஒரே ஆளைத்தான் நினைத்தார்கள்.

"சுந்தரம் வராட்டி இது என்ன பயணம்?" என்றார் மாஸ்டர்.

"சும்மா பாக்கத்தான்லா போறோம்" என்றான் சுப்பையன். "குடிக்கச் சொல்லி யாரு கட்டாயப்படுத்தறா?"

மாணிக்கவாசகம் போய்க் கேட்டார். ருக்மணி பின்கட்டில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கை நின்றுவிட்டது.

"வேணாம்ண்ணே."

"குடிக்கக் கூப்பிடல தங்கச்சி. ஆல எப்படி இருக்குன்னு பாக்கத்தான். நான் கூடவே இருப்பேன்."

"அவரு பேச்சு கொறஞ்சு போச்சு. எனக்குத் தெரியும். முன்ன மாதிரி சிரிக்கறதில்ல. பரவால்ல. பேசாட்டியும் வீட்ல இருக்காரு. எனக்கு அது போதும்."

கலியாணசுந்தரம் உள்ளேயிருந்து வந்தார். சலவைச் சட்டை, வாரிய தலை. முகம் தெளிந்திருந்தது. ஆனால் யாரோ பார்த்துப் பார்த்து அடுக்கிவைத்த அலமாரி மாதிரி இருந்தார்.

"ஆஸ்பத்திரியப் போய்ப் பாத்தா நோய் வந்துடுமா?" என்றார் மனைவியிடம். "எத்தன நாளைக்கு என்னைய மடியில வச்சுக் காப்பே? பாத்துட்டு வந்துடறேன் ருக்கு."

அவள் கணவனைப் பார்க்கவில்லை. மாணிக்கவாசகத்தைப் பார்த்தாள். "நீங்க பொறுப்புண்ணே. போறப்ப எப்படி இருக்காரோ அப்படியே கொண்டாந்து விடணும்."

"என் பொறுப்பு" என்றார் மாணிக்கவாசகம். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் சுப்பையனின் டாக்சியில் போனார்கள். டாக்சி கடற்கரைச் சடக்கில் திரும்பியதும் காற்று உப்பாக வீசியது. ஆலைக்கு வெகு தூரம் முன்பே புளித்த வெல்லப்பாகின் வாடை வந்துவிட்டது. தகரக் கொட்டகைகள். பெரிய தொட்டிகளில் சர்க்கரைக் கழிவுப்பாகு நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. அதை அடுத்து ஆள் உயரத்துக்கு மேல் செம்புக் கொப்பரை. அதன் கழுத்து வளைந்து தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியது. மறுமுனையில் நூல் மாதிரி தெளிந்த சாராயம் ஒழுகியது. தவுக்கேயின் மகன் சிங்கப்பூரில் படித்தவன். ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கினான். மாஸ்டர் மாணவனைப் போலக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கலியாணசுந்தரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாணிக்கவாசகம் அவர் பக்கத்தை விட்டு அகலவில்லை.

கடைசிக் கொட்டகையில் பீப்பாய்கள் கிடந்தன. ஒன்றின் மூடியைக் கழற்றி உள்ளே காட்டினான். உட்புறம் முழுக்கக் கரி. பீப்பாய் செய்யும்போதே தீ வைத்துச் சுட்டுவிடுவார்களாம். இன்னும் சாராயம் நிரப்பாத ஒரு பீப்பாயின் அடைப்பைத் தட்டி எடுத்தான்.

"இது காலி. ஆனால் வருஷக்கணக்கில் விஸ்கி நின்ற மரம். பாதியை மரமே குடித்திருக்கும். முகர்ந்து பாருங்கள்."

மாஸ்டர் குனிந்தார். "ஆகா" என்று நிமிர்ந்தார். வேறு சொல் வரவில்லை. சுப்பையன் குனிந்து, "நல்லாருக்கு" என்றான். மாணிக்கவாசகமும் முகர்ந்தார். பிறகு மூவரும் கலியாணசுந்தரத்தைப் பார்த்தார்கள். முகர்வதில் என்ன இருக்கிறது, வாயில் ஒரு சொட்டும் படப்போவதில்லையே என்று மாணிக்கவாசகம் எண்ணிக்கொண்டார்.

கலியாணசுந்தரம் தயங்கினார். பிறகு பீப்பாயின் இரு பக்கமும் கையை ஊன்றி, கண்ணை மூடி, மூக்கை அடைப்புத் துளையில் வைத்தார். வைத்தவர் எடுக்கவேயில்லை. தோள் மட்டும் ஏறி இறங்கியது.

"கொட்டாங்கச்சி எரியுது" என்றார், குனிந்தபடியே. "பக்கத்துல யாரோ சீனிய அடி பிடிக்க விட்டுட்டாங்க. ஒரு பொம்பள. அவ கவனம் இங்க இல்ல. வாழப்பழம் கனிஞ்சு கறுத்துக் கெடக்கு. பழைய பள்ளிக்கூட பெஞ்சு... மழைக்காலம்... அட, கதவத் தொறந்து வச்சிருக்கானுங்கய்யா!"

மாஸ்டர் கைதட்டினார். சுப்பையன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒன்றும் புரியாத தவுக்கேயின் மகனும் சேர்ந்து சிரித்தான். கலியாணசுந்தரம் நிமிர்ந்தபோது முகம் சிவந்து, கண் பளபளத்தது. பழைய சுந்தரம். இத்தனை நாள் காணாமல் போயிருந்தவர் வந்துவிட்டார் என்று மாணிக்கவாசகத்துக்குப் பட்டது.

பிறகு மேசையில் கிளாஸ்கள் வந்தன. கலியாணசுந்தரம் தன் கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆரஞ்சுத் தண்ணீர் குடித்தார். திரும்பும் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். ருக்மணி வாசலிலேயே நின்றாள். அருகில் வந்து கணவரின் வாயை முகர்ந்தாள். அவள் முகம் விரிந்தது. எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"பாத்தீங்களா தங்கச்சி, சொன்ன மாதிரி கொண்டாந்துட்டேன்" என்றார் மாணிக்கவாசகம்.

அடுத்த வாரம் கலியாணசுந்தரம் ஆபீசுக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து கிளம்பியவர் பஸ் ஏறிக் கிளேபாங் போனார். பீப்பாயை இன்னொரு தடவை முகர்ந்து பார்க்க வேண்டும் என்று தவுக்கேயின் மகனிடம் கேட்டார். கம்பெனிக்கு வேண்டியவர் என்று அவனும் மரியாதையாக உட்காரவைத்து, வெறும் வாசனை எதற்கு என்று கிளாசில் ஊற்றிக் கொடுத்தான். இது மாணிக்கவாசகத்துக்குத் தெரிவதற்குள் அவர் பலமுறை போய் வந்திருந்தார். அங்கே இனிக் கொடுக்கக் கூடாது என்று மாணிக்கவாசகம் சொல்லித் தடுத்தார். தடுத்ததும் பழைய சம்சுக் கடை.

நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நிறுத்தினார்கள். மாஸ்டர் சர்வே ஆபீசுக்குப் போய்ப் புதிதாக வந்திருந்த அதிகாரியிடம் மன்றாடினார். அதிகாரி கலியாணசுந்தரம் வரைந்த ஒரு பிளானை எடுத்துக் காட்டினார். நிலத்தின் எல்லைக்கோடு நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. "இந்தக் கோட்டை வைத்து நான் யாருக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுப்பது?" என்றார். சுப்பையன் சவாரியை விட்டுவிட்டுத் தேடிப்போய், விழுந்து கிடந்த இடங்களிலிருந்து தூக்கிவந்து வீட்டில் போட்டான். கலியாணசுந்தரத்தின் வேலை போனது.

ஒருமுறை மாணிக்கவாசகம் அவரைத் தெளிவான வேளையில் பிடித்தார். கடைத்தெருவின் ஐந்தடி நடைபாதையில், பூட்டிய கடை ஒன்றின் வாசலில், இருவரும் உட்கார்ந்தார்கள்.

"சுந்தரம், நான்தானே உன்னைய அங்க கூட்டிட்டுப் போனேன்?"

"நீ என்னப்பா செஞ்சே."

"அப்ப ஏன்யா? நல்லாத்தானே இருந்தே. பொண்டாட்டி, பிள்ளை, உத்தியோகம்..."

கலியாணசுந்தரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை மடியில் கிடந்து ஆடின.

"நல்லாத்தான் இருந்தேன். இல்லேங்கல. ஆனா அடுத்தவன் வீட்ல விருந்தாளியா இருந்த மாதிரி இருந்தேன். எல்லாரும் நல்லா கவனிச்சிக்கிறாங்க. ஒரு கொறையும் இல்ல. எப்ப கெளம்பலாம்னே இருந்துச்சி. அந்தப் பீப்பாயில மூக்க வச்சப்பதான்..." அவர் முடிக்கவில்லை. "ருக்குகிட்ட இத சொல்லிடாத. செத்துப்போவா."

மாணிக்கவாசகம் தன் வீட்டிலிருந்த பாட்டில்களை எல்லாம் கொல்லையில் கவிழ்த்தார். மனைவி சாரதாம்பாள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றைக் கவிழ்க்கக் கை வரவில்லை. அது, கம்பெனியை விட்டுப் போன துரை இவர் பெயரை எழுதிக் கொடுத்தது. அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு முற்பகலில் ருக்மணி வந்தாள். குடை இருந்தும் பாதி நனைந்திருந்தாள். இந்தத் தடவை உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"அண்ணே, உங்ககிட்ட இருக்குமா?"

என்ன கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

"அரை கிளாஸ் போதும்."

சாரதாம்பாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

ருக்மணி சொன்னாள். கணவரை அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். இந்தத் தடவை எப்படியும் நிறுத்திவிடுவது என்று. முதல் நாள் கத்தினார். அடுத்த நாள் உடம்பு தூக்கிப் போட்டது. சுவரெல்லாம் பூச்சி என்று நகத்தால் பிறாண்டினார். வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்கெனவே இரண்டு தடவை ஓடிவந்தவர். பக்கத்து வரிசையில் இருக்கும், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸர் பொன்னுதுரை வந்து பார்த்தார். இப்படிச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை கொஞ்சம் கொடுத்து அடக்குங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"சம்சுக் கடைக்கு நான் எப்படிண்ணே போவேன்? ஜெயாவ அனுப்ப முடியுமா? உங்ககிட்ட நல்லதா இருக்கும்னு வந்தேன்." அவள் குரல் உடையவில்லை. அதைத்தான் மாணிக்கவாசகத்தால் தாங்க முடியவில்லை. "கூப்பிடாதீங்கன்னு இதே வாசல்ல நின்னு சொன்னவ நான். இப்ப நானே கேக்கறேன். குடுங்கண்ணே."

அவர் அலமாரியைத் திறந்தார். பாட்டிலை அவள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவரும் கூடவே நடந்தார்.

அறையில் மூத்திர நாற்றம். கலியாணசுந்தரம் பாயில் சுருண்டு கிடந்தார். ருக்மணி தலையைத் தூக்கி மடியில் வைத்து, குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல் கரண்டியால் ஊற்றினாள். பாதி கன்னத்தில் வழிந்தது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். மெல்ல மெல்ல நடுக்கம் அடங்கியது. கண் திறந்து நண்பரை அடையாளம் கண்டுகொண்டார்.

"சுந்தரம்" என்றார் மாணிக்கவாசகம். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், "துரை குடுத்தது. பழைய சரக்கு" என்றார்.

கலியாணசுந்தரம் நாக்கைச் சப்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலப்பா" என்றார். "தண்ணி மாதிரி இருக்கு." பிறகு மனைவியைப் பார்த்து வாயைத் திறந்தார். அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அன்று வந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். கண்ணும் தோலும் மஞ்சளாகின. வயிறு ஊதியது. வருஷக் கடைசியில், பொதுவார்டில், ஜெயா கொண்டுவந்த கஞ்சியைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். சுப்பையன் தன் டாக்சியில் உறவுக்காரர்களை ஏற்றி இறக்கினான். மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு மயானம் வரை நடந்தார்.

காரியம் முடிந்ததும் ருக்மணி சிரம்பானில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போக மூட்டை கட்டினாள். மாணிக்கவாசகம் போனார். ஜெயா அவரைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"தங்கச்சி, என்னைய ரெண்டு வார்த்த திட்டிடுங்க" என்றார்.

ருக்மணி கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"கோவம் இருந்துச்சிண்ணே. ராத்திரியெல்லாம் உங்கள வஞ்சிருக்கேன். இப்ப தேடிப் பாத்தா அதுகூட இல்ல. ஒண்ணுமே இல்ல." கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு ஊத்தினது நான்தானே" என்றாள். "என் கையால ஊத்தினேன். அதுக்கு யார வையறது?"

"அது டிரஸர் சொல்லி..."

"தெரியும்ண்ணே. தெரியுது. ஆனா கை இருக்கே, அதுக்குத் தெரிய மாட்டேங்குது."

அவர் நின்றுகொண்டே இருந்தார். அவள் அடுத்த மூட்டையைக் கட்டத் தொடங்கினாள்.

தவுக்கேயின் விஸ்கி மறு வருஷம் கடைக்கு வந்தது. நன்றாக விற்றது. கம்பெனி பால்மாவும் விற்றது; மாணிக்கவாசகம் அந்தப் பகுதிக்கு மாற்றிக் கேட்டார். மேனேஜர் சிரித்தார். மதுச் சரக்கில் உம்மைப்போல் அனுபவம் யாருக்கு இருக்கிறது என்றார். வீட்டில் கல்யாண வயதில் மகள் விஜயா இருந்தாள். அவர் அதே மேசையில் உட்கார்ந்து அதே பெட்டிகளை அனுப்பினார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மாஸ்டரும் சுப்பையனும் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, வந்தார்கள். சாரதாம்பாள் தேத்தண்ணி வைத்தாள். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் புதிதாக மலாய்ப் பாடம் வந்திருப்பதைப் பற்றிச் சொன்னார். சுப்பையன் டயர் விலையைப் பற்றிச் சொன்னான். அதோடு பேச்சு தீர்ந்துபோயிற்று. இத்தனை வருஷம் பழகியும் தங்களுக்குள் வேறு பேச்சே கிடையாது என்பது மூவருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தேத்தண்ணியைக் குடித்தார்கள்.

"சவாரி ஒண்ணு இருக்குண்ணே" என்று சுப்பையன் எழுந்தான். இல்லை என்று மற்ற இருவருக்கும் தெரியும். மாஸ்டரும் குடையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப வாறன், மாணிக்கம்."

"சரி மாஸ்டர்."

மறுபடி எப்போது வருவது என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. டாக்சி திரும்பிப் போனது. மாஸ்டர் வெயிலில் குடையை விரிக்காமலே நடந்தார். மாணிக்கவாசகம் வாசற்படியில் நின்று, அவர் சடக்கின் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே வந்து படுத்துக்கொண்டார்.